அச்சுக்கோப்போரின் இரு சோதனைகள்

தொழில்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். எந்தப் பொறியை யார் கண்டார், அது எத்துணை விரைவாக ஓடிற்று, எத்துணைப் பொருளை ஆக்கிற்று என்பனவற்றை நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆனால், அந்தப் பொறி வந்து நின்ற கூடத்திலே முந்திய நாள்வரை கையால் வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற வினாவுக்கு அந்நூல்களிலே ஓரிரு வரிகளுக்குமேல் விடை கிடைப்பதில்லை. புதிய கருவியைப் பழைய தொழிலாளி கற்றுக்கொண்டானா? கற்பதற்கு அவனுக்குக் காலம் கொடுத்தவர் யார்? கற்கும் நாள்களில் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது எவ்வாறு? இன்று கணினியும் தன்னியக்கப் பொறிகளும் ஒவ்வொரு தொழிலகத்தின் வாயிலிலும் வந்து நிற்கும் வேளையில், இவ்வினாக்கள் பழங்கதை ஆகிவிடவில்லை.

இவற்றுக்கு விடை தேட, நேயர்களே, ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். அஃது அச்சுக்கோப்புத் தொழில். இடம் ஐக்கிய அமெரிக்கா. அங்கும் சிறப்பாக நியூயோர்க் நகரம். இத்தொழிலைத் தெரிந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே தொழிலாளர் சங்கம், ஒரே நகரில், நூறாண்டுக்குள் இருமுறை புதிய இயந்திரத்தை எதிர்கொண்டது. முதன்முறை அது வென்றது எனலாம். இரண்டாம் முறை நேர்ந்ததை வெற்றி என்பதா தோல்வி என்பதா என்று எளிதில் தீர்ப்புச் சொல்ல இயலாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பயிற்சியினால் ஆவது எது, ஆகாதது எது என்பது தெளிவாகின்றது.

முதலில் பழைய தொழிலைக் காண்போம். ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பேர்க் 15ஆம் நூற்றாண்டின் நடுவிலே தனித்தனி உலோக எழுத்துகளால் அச்சிடத் தொடங்கினார். அக்காலம் முதல் 1880கள் வரை அச்சு இயந்திரம் பலவாறு மாறிற்று; கைவிசை போய் நீராவி வந்தது; உருளைப் பொறிகள் வந்தன. எழுத்துக் கோக்கும் முறை மட்டும் ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாக மாறாமலே இருந்தது. அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டியின் முன் தொழிலாளி நிற்பான். ‘ஸ்டிக்’ எனப்படும் சிறு உலோகத் தட்டை இடக்கையில் ஏந்தி, வலக்கையால் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அதிலே அடுக்குவான். வரி நிறைந்ததும், சொற்களிடையே மெல்லிய ஈயத் துண்டுகளைச் செருகி, வரியின் இரு முனைகளும் ஒழுங்காக அமையும்படி இறுக்குவான். அச்சிட்டு முடிந்தபின் அவ்வளவு எழுத்துகளையும் பிரித்து, அவற்றுக்குரிய அறைகளிலே மீண்டும் இடுவான். நம் நாட்டுத் தமிழ் அச்சுக்கூடங்களில் ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தை அறிந்த நேயர்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஆங்கிலத்தினும் பல மடங்கு மிகுந்த அறைகளோடு நம்மவர் அவ்வேலையைச் செய்தனர்.

இது வெறும் கைவேலை அன்று. எழுத்துகளை இடம் வலம் மாறிய நிலையில் வாசிக்க வேண்டும். ஆசிரியரின் கிறுக்கெழுத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். எழுத்துப் பிழையைக் கண்டு திருத்த வேண்டும். ஒரு சொல்லை வரியின் முடிவில் எங்கே முறிக்கலாம் என்று அறிந்திருக்க வேண்டும். இவற்றைக் கற்றுத் தேறப் பல ஆண்டுகள் பழகுநராக இருத்தல் வேண்டும். ஆதலின் அச்சுக்கோப்போர் தம்மைக் கற்ற தொழிலாளர் எனக் கருதினர். பிறரும் அவ்வாறே மதித்தனர். 1852இல் அவர்கள் அமைத்த நாடளாவிய சங்கம் 1869இல் சர்வதேச அச்சுக்கோப்பாளர் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் நியூயோர்க்கு கிளை ஆறாம் இலக்கத்தைக் கொண்டிருந்தமையால் ‘பெரிய ஆறு’ என்றே வழங்கப்பட்டது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். ஒட்மார் மேர்கெந்தாலர் 1854இல் ஜேர்மனியிலே பிறந்தவர். மணிக்கூட்டுத் தொழில் பயின்றவர். 1872இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். நீதிமன்றக் குறிப்புகளை விரைந்து பெருக்கிக்கொள்ள வழிதேடிய ஜேம்ஸ் கிளெஃபன் என்பவரின் தூண்டுதலால் இவர் எழுத்துக்கோப்புப் பொறியில் ஈடுபட்டார். பல்லாண்டு முயற்சியின் பயனாக 1886 ஜூலை 3ஆம் நாள் ‘நியூயோர்க் ட்ரிபியூன்’ பத்திரிகை அலுவலகத்தில் அவருடைய பொறி வேலை தொடங்கிற்று. அதுவே ‘லைனோடைப்’. தொண்ணூறு விசைகள் கொண்ட பலகையின்முன் ஒருவர் அமர்ந்து விசையைத் தட்டுவார். தட்டிய எழுத்துக்குரிய பித்தளை வார்ப்பச்சு மேலேயுள்ள பெட்டியிலிருந்து வழுக்கி இறங்கி வரிசையில் நிற்கும். சொற்களுக்கிடையே ஆப்பு வடிவான துண்டுகள் விழும். அவை மேலெழும்பி வரியை இறுக்கும். அதன்பின் உருகிய ஈயக் கலவை பாய்ந்து, ஒரு வரி முழுவதும் ஒரே உலோகக் கட்டியாக வார்க்கப்பட்டு வெளிவரும். பயன்பட்ட வார்ப்பச்சுகளைப் பொறியே தூக்கிச் சென்று, அவற்றின் பற்களின் அமைப்பைக் கொண்டு பிரித்து, உரிய அறைகளில் திரும்பச் சேர்க்கும். கோத்தல், இறுக்குதல், பிரித்தல் என்ற மூன்று வேலைகளும் ஒன்றாயின. கையால் கோப்போர் பலர் ஒரு மணி நேரத்தில் செய்ததை ஒருவரே அமர்ந்து செய்தார்.

அச்சுக்கோப்போரிடையே அச்சம் எழுந்தது இயல்பே. ஒருவன் பலருடைய வேலையைச் செய்வானாயின், எஞ்சியோர் எங்கே போவர்? அதிலும் இப்பொறி முதன்முதல் புகுந்த ‘ட்ரிபியூன்’ பத்திரிகை அக்காலத்தில் சங்கத்தோடு பகைத்திருந்த நிறுவனம். சங்கத்தை ஒழிப்பதற்கு வந்த ஆயுதம் என்று அப்பொறியைத் தொழிலாளர் வெறுத்திருந்தால் அதில் வியப்பில்லை. இங்கிலாந்தில் 1811 தொடங்கித் துணிநெய்வோரும் காலுறை பின்னுவோரும் இயந்திரங்களை உடைத்த செய்தியை உலகம் அறிந்திருந்தது. அவ்வழி இவர்களுக்கும் திறந்தே கிடந்தது.

அவர்கள் அவ்வழியிற் செல்லவில்லை. நாட்டில் இப்பொறிகள் மிகச் சிலவே இருந்த 1888ஆம் ஆண்டிலேயே சங்கத்தின் மாநாடு இதனை ஆராய்ந்தது. பொறியை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதனைச் சங்கத்தைச் சேர்ந்த அச்சுக்கோப்போரே இயக்க வேண்டும், அவர்கள் பெறும் ஊதியம் கையால் கோப்போர் பெறுவதற்குக் குறையலாகாது என்று அம்மாநாடு கிளைகளுக்கு அறிவுறுத்தியது. அடுத்த ஆண்டில் இது மேலும் உறுதிபெற்றது. பொறி நிற்கும் சங்க அச்சகங்கள் அனைத்திலும் தொழில் கற்ற அச்சுக்கோப்போரே அதனை இயக்க வேண்டும் என்பது கொள்கையாயிற்று. இங்கே கவனிக்க வேண்டியது காலம். அறிவுரை வந்தது பொறிகள் பெருகுவதற்கு முன்னர். வேலை இழந்தோரின் கூட்டம் வாயிலில் நின்று அலறிய பின்னர் அன்று. பேரம் பேசுவதற்கு வலிமை இருந்தபோதே பேசினார்கள்.

இக்கொள்கையிலிருந்து மூன்று நடைமுறைகள் பிறந்தன. ஒன்று, பயிலும் காலம். அச்சகத்திலே ஏற்கெனவே வேலை செய்து வந்தவனுக்குப் பொறியிற் பழகக் குறித்த சில கிழமைகள் கொடுக்கப்பட்டன. அக்காலத்துக்குக் குறைந்த கூலி. பழகிய பின் முழுக் கூலி. இரண்டு, கூலி முறை. கோத்த அளவுக்குக் கூலி என்ற பழைய முறையை விடுத்து, வேலை செய்த நேரத்துக்குக் கூலி என்ற முறையைச் சங்கம் வற்புறுத்தியது. இதனால் விரைவில் கைதேர்ந்த இளைஞன் மிகுதியாகப் பெறவும் மெல்லப் பழகும் மூத்தவன் பட்டினி கிடக்கவும் நேராது. மூன்று, வேலை நேரம். பொறியினால் வந்த பயனில் ஒரு பங்கு ஓய்வாகத் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்டனர். 1898இல் முதலாளிமாரோடு செய்த உடன்படிக்கையால் புத்தக அச்சகங்களில் ஒன்பது மணி நேர வேலைநாள் வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள், பெரிய வேலை நிறுத்தம் ஒன்றின் பின்னர், எட்டு மணி நேரம் வந்தது.

முதலாளிமார் இதற்கு ஏன் இணங்கினர்? இரக்கத்தினால் மட்டும் அன்று. தட்டெழுத்துத் தெரிந்தோரைக் குறைந்த கூலிக்கு அமர்த்திப் பொறியை இயக்கலாம் எனச் சிலர் எண்ணியதுண்டு. ஆயின் லைனோடைப்பின் விசைப்பலகை தட்டெழுத்துப் பொறியின் பலகை போன்றதன்று. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்துகள் இடப்புறத்திலிருந்து வரிசையாக அமைந்த தனி அமைப்பு அது. மேலும், விரல் விரைவு மட்டும் போதவில்லை. கையெழுத்துப் பிரதியை வாசிக்கவும், சொல்லை முறிக்கவும், பிழை தவிர்க்கவும், அட்டவணையும் விளம்பரமும் அமைக்கவும் பழைய தொழிலறிவு வேண்டியிருந்தது. பிழையான ஓர் எழுத்துக்காக ஒரு வரி முழுவதையும் மீண்டும் வார்க்க வேண்டிய பொறி அது. எனவே பழைய தொழிலாளிக்குச் சில கிழமைப் பயிற்சி அளிப்பது, புதியவன் ஒருவனுக்குத் தொழில் முழுவதையும் கற்பிப்பதிலும் மலிவாக இருந்தது. தொழிலாளியின் உரிமையும் முதலாளியின் கணக்கும் ஓரிடத்திற் சந்தித்தன.

இதனால் துன்பமே நேரவில்லை என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். பொறிகள் விரைந்து பரவிய அதே காலத்தில், 1893இல், அமெரிக்காவைப் பெரும் பொருளாதார நெருக்கடி தாக்கிற்று. இரண்டும் சேர்ந்து பலரை வீதிக்குத் தள்ளின. கண்ணும் விரலும் தளர்ந்த முதியோர் பலரால் புதிய விரைவைப் பெற இயலவில்லை. கிளைச் சங்கங்கள் வேலையற்றோருக்கு உதவிப் பணம் வழங்கின. வேலையுள்ளோர் தம் நாள்களிற் சிலவற்றை வேலையற்றோருக்கு விட்டுக்கொடுக்கும் விதிகளையும் வகுத்தன. பின்னர் நிலைமை திருந்திற்று. கோப்புச் செலவு குறைந்ததால் பத்திரிகைகள் பக்கங்களைப் பெருக்கின; புத்தகங்களும் சஞ்சிகைகளும் மிகுந்தன; கோக்க வேண்டிய வரிகளும் பல மடங்காயின. பொறி எடுத்துக்கொண்ட வேலையின் பெரும் பகுதியைப் பெருகிய வாசகர் கூட்டம் திருப்பிக் கொடுத்தது. 1908இல் சங்கமே அச்சுத்தொழில் பற்றிய பாடநெறி ஒன்றை ஏற்படுத்தித் தன் உறுப்பினருக்குக் கற்பிக்கத் தொடங்கிற்று. பயிற்சி என்பது நெருக்கடிக்கு மருந்து என்ற நிலையிலிருந்து தொழிலின் அன்றாட ஒழுக்கமாக மாறிய கட்டம் அது.

இந்த வெற்றியை எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக்கிவிடலாமா? ஜோர்ஜ் பார்னெட் என்ற பொருளியல் அறிஞர் இவ்வினாவை ஆராய்ந்து 1926இல் ஒரு நூல் வெளியிட்டார். அச்சுக்கோப்போரோடு கல்தச்சரையும் கண்ணாடிப் போத்தல் ஊதுவோரையும் அவர் ஒப்பிட்டார். கல்லைச் செதுக்கி மட்டமாக்கும் பொறி வந்தபோது, கல்தச்சர் சங்கத்தின் கிளைகள் பலவும் பொறியில் செதுக்கிய கல்லைத் தடுக்க முயன்றன. கல்லோ சங்கம் வலுவிழந்த வேறு ஊர்களிற் செதுக்கப்பட்டு வந்து சேர்ந்தது, தடை தளர்ந்தது. போத்தல் தொழிலின் கதை வேறு. ஒஹையோ மாநிலத்தின் ரொலிடோ நகரைச் சேர்ந்த மைக்கேல் ஓவன்ஸ், 1903ஆம் ஆண்டளவில் போத்தலைத் தானே ஊதி ஆக்கும் பொறியை நிறைவேற்றினார். அப்பொறிக்கு மனிதரின் மூச்சும் வேண்டியதில்லை. ஊதுவோரின் பல்லாண்டுத் திறமையும் வேண்டியதில்லை. தொழிலாளர் தம் கூலியைக் குறைத்துக்கொண்டும் போட்டியிட்டுப் பார்த்தனர். பயனில்லை. அவர்களுக்கு எதனைக் கற்பிப்பது? புதிய பொறி அவர்களிடம் கேட்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

இவ்வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொள்வோம். பயிற்சி என்பது பழைய அறிவிலிருந்து புதிய வேலைக்குப் போடும் பாலம். பாலத்துக்கு இரு கரைகளிலும் நிலம் வேண்டும். லைனோடைப் பொறிக்கு இரு கரையிலும் நிலம் இருந்தது. ஓவன்ஸ் பொறிக்கு அக்கரை இல்லை. இனி, அதே அச்சுக்கோப்போருக்கு இரண்டாம் சோதனை வந்த கதையைப் பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாற்றம் பல முனைகளிலிருந்து வந்தது. துளையிட்ட நாடாவைக் கொண்டு லைனோடைப்பைத் தானே ஓடச் செய்யும் முறை பரவிற்று. தொலைவிலுள்ள செய்தி நிறுவனம் அனுப்பும் நாடாவே வரிகளைக் கோத்தது. உருகிய ஈயத்தை விடுத்து, ஒளியினால் படத்தாளில் எழுத்துகளைப் பதிக்கும் முறையை ஹிகொனே, முவாரூ என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் இருவர் உருவாக்கினர்; 1953இல் அமெரிக்காவில் அம்முறையால் ஒரு முழுப் புத்தகம் வெளிவந்தது. 1962இல் ‘லொஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ பத்திரிகை வரிகளை இறுக்கவும் சொற்களை முறிக்கவும் கணினியைப் பயன்படுத்தத் தொடங்கிற்று. இந்த இறுதிச் செய்தியிலேதான் ஊழின் ஒலி கேட்கின்றது. சொல்லை எங்கே முறிப்பது என்று அறிந்திருப்பதே அச்சுக்கோப்பவனின் தனியறிவு. அந்த அறிவே பொறிக்குள் புகுந்துவிட்டது.

சங்கம் முதலில் தன் பழைய வழியிலேயே நடந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தன் செலவிலே பயிற்சி நிலையம் நடத்தி, ஒளியச்சுப் பொறிகளை உறுப்பினருக்குக் கற்பித்தது. ஆயினும் பழைய காவல் விதிகள் சிலவற்றை விட மனமில்லாமலும் இருந்தது. அவற்றுள் ஒன்று வேடிக்கையானது. வெளியே கோத்து வார்ப்பாக வந்த விளம்பரத்தை அப்படியே அச்சிட்ட பின்னரும், அதே விளம்பரத்தைப் பத்திரிகை அலுவலகத் தொழிலாளர் மீண்டும் ஒருமுறை கோத்து, பிழை திருத்தி, உருக்கு கலத்தில் எறிய வேண்டும் என்பது அவ்விதி. இது சட்டத்துக்கு மாறானதன்று என 1953இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் காத்ததேயன்றி, ஒருவரும் வாசிக்காத வரிகளைக் கோப்பவனின் பெருமையை அத்தீர்ப்பினால் காக்க முடியுமா?

1962 டிசம்பர் 8ஆம் நாள் ‘பெரிய ஆறு’ வேலை நிறுத்தத்தில் இறங்கிற்று. அதன் தலைவர் பேர்ட்ரம் பவர்ஸ். ஊதியமும் வேலை நேரமும் பேச்சின் மேற்பரப்பிலே இருந்தன. அடியிலே இருந்தது தன்னியக்கம் பற்றிய அச்சம். 114 நாள்கள் நியூயோர்க்கின் பெரும் பத்திரிகைகள் வெளிவரவில்லை. தொழிலாளருக்குக் கிடைத்த நலன்களுள் 35 மணி நேர வேலைக்கிழமையும் ஒன்று. ஆனால் வாசகர் சிலர் திரும்பி வரவில்லை. விளம்பரம் கொடுப்போரும் வேறு வழி கண்டனர். தொலைக்காட்சியின் போட்டியும் இருந்தது. 1963இல் ‘மிரர்’ மறைந்தது. 1966இல் ‘ஹெரல்ட் ட்ரிபியூன்’ மறைந்தது. லைனோடைப் முதன்முதல் ஓடிய அந்த ‘ட்ரிபியூனின்’ வழித்தோன்றலே அது. 1967இல் இன்னொன்றும் மூடப்பட்டபோது, நகரில் எஞ்சிய பெரும் பொது நாளிதழ்கள் மூன்றே. காவல் விதியினால் வேலையைக் காக்கலாம். பத்திரிகையே இல்லையாயின் விதி எதனைக் காக்கும்?

இந்தப் பாடத்தை இரு தரப்பும் கற்றன. 1974இல் ‘நியூயோர்க் டைம்ஸ்’, ‘டெய்லி நியூஸ்’ என்னும் இரு பத்திரிகைகளோடு பவர்ஸின் சங்கம் ஓர் உடன்படிக்கை செய்தது. பத்தாண்டுக்கு மேலாக, 1984 வரை நீளும் உடன்படிக்கை அது. அதன் சாரம் இரண்டு வாக்கியங்களில் அடங்கும். எந்தப் புதிய பொறியையும் தடையின்றிப் புகுத்தும் உரிமை முதலாளிமாருக்கு. அப்போது வேலையிலிருந்த ஏறத்தாழ 1,800 அச்சுக்கோப்போருக்கு வாழ்நாள் முழுவதும் வேலை. எவரையும் நீக்க முடியாது. தாமே ஓய்வு பெற விரும்புவோருக்கு ஊக்கத் தொகை உண்டு. விலகியோரின் இடம் நிரப்பப்பட மாட்டாது. 1888இல் சங்கம் ‘பொறி எங்கள் கையில்’ என்று கேட்டது. 1974இலோ ‘பொறி உங்கள் விருப்பம், எங்கள் சீவியம் எங்களுக்கு’ என்று கேட்டது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே இத்தொழிலின் வரலாறு.

1978 ஜூலை 1ஆம் நாள் இரவு, மறுநாட் பத்திரிகைக்காக ‘நியூயோர்க் டைம்ஸ்’ கடைசி முறையாக ஈயத்திலே பக்கம் அமைத்தது. அந்த இரவைப் படமாக்கிய ஆவணப்படம் ஒன்று உண்டு. லைனோடைப்பின் முதல் இரு விசை வரிசைகளின் எழுத்துகளையே பெயராகக் கொண்டு, ‘சென்று வருக, எட்டாயின் ஷர்ட்லு’ என்ற பொருளில் அதற்குத் தலைப்பிட்டனர். தொழிலாளருக்குப் புதிய வேலையில் பயிற்சி கொடுக்கப்பட்டது. முதலிற் கற்க வேண்டியிருந்தது விசைப்பலகை. கணினியின் பலகையோ தட்டெழுத்துப் பொறியின் பலகையைப் பின்பற்றியது. 1890களில் எந்த வேறுபாடு அவர்களைத் தட்டெழுத்தாளரின் போட்டியிலிருந்து காத்ததோ, அந்த வேறுபாடே இப்போது அவர்களை முதல் வகுப்பில் அமர்த்திற்று. ஈயத்தை இடம் வலம் மாற்றி வாசித்த கண்கள், படத்தாளில் வந்த பத்திகளை வெட்டி ஒட்டிப் பக்கம் அமைக்கப் பழகின. செய்தியாளரே தம் செய்தியைக் கணினியிற் பதியத் தொடங்கியதும், மீண்டும் ஒருவர் அதனைக் கோக்க வேண்டிய தேவையே அற்றுப்போயிற்று. வெட்டி ஒட்டும் வேலையும் பின்னர் திரைக்குள் மறைந்தது.

இஃது அரைகுறை வெற்றியாகத் தோன்றலாம். அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையில் நிகழ்ந்ததை நோக்கினால் அதன் பெறுமதி விளங்கும். இலண்டனில் புதிய பொறிகள் பற்றிய பிணக்கினால் ‘டைம்ஸ்’ பத்திரிகை 1978 டிசம்பர் முதல் ஏறக்குறைய ஓராண்டு வெளிவரவில்லை. அதன் பின்னரும் உடன்பாடு கனியவில்லை. செய்தியாளர் நேரே கணினியிற் பதிவதை அச்சுத்தொழிற் சங்கங்கள் ஏற்க மறுத்துவந்தன. அப்பத்திரிகையைப் பின்னர் வாங்கிய ரூபேர்ட் மேர்டொக், வப்பிங் என்னும் இடத்திலே புதிய அச்சகம் ஒன்றை அமைத்து, மாலைப் பத்திரிகை ஒன்றுக்காக என்று கூறி, அங்கே வேறு தொழிலாளரை மறைவாகப் பழக்கினார். 1986 ஜனவரி 24இல் பழைய தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கினர். தொடங்கியதும் ஏறத்தாழ 5,500 பேர் பதவி நீக்கப்பட்டனர். மறுநாளிலிருந்து பத்திரிகைகள் வப்பிங்கிலிருந்து வெளிவந்தன. ஓராண்டுக்கு மேல் வாயிலில் மறியல் நடந்தது. 1987 பெப்ரவரியில் அதுவும் ஓய்ந்தது. நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வப்பிங்கிலும் பயிற்சி நடந்தது. ஆனால் கூடத்துக்கு உள்ளே இருந்தவனை வெளியேற்றுவதற்காக வெளியே இருந்தவனுக்கு அளித்த பயிற்சி அது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை யாவை? பயிற்சி நல்லது என்ற பொதுவுரையை எல்லோரும் ஒப்புவர். அச்சுக்கோப்போரின் கதை அதனினும் நுட்பமானதைச் சொல்கின்றது. பயிற்சி யாருக்கு என்பதே முதற் கேள்வி. பழைய தொழிலாளிக்கே புதிய கருவியில் முதலுரிமை என்று 1888இல் வகுத்ததால் லைனோடைப் அவனுக்குப் பகையாகவில்லை. எப்பொழுது என்பது இரண்டாம் கேள்வி. பொறி வருமுன் பேசியோர் நியாயமான விலை பெற்றனர். பொறி வந்து அமர்ந்தபின் போராடியோர் வீதியில் நின்றனர். எவர் செலவில் என்பது மூன்றாவது. கற்கும் காலத்துக் கூலியை யாராவது கொடுத்தே ஆகவேண்டும். முதலாளி, சங்கம், அரசு என்போருள் எவரும் கொடுக்காவிடின், அதனைத் தொழிலாளியின் பிள்ளைகள் கொடுக்கின்றனர்.

இவற்றுக்கும் மேலாக ஒரு நேர்மை வேண்டும். புதிய வேலையில் பழைய அறிவுக்கு இடமுண்டானால் பயிற்சி கொடுக்கலாம். இடமில்லையாயின், பயிற்சி என்ற பெயரால் நம்பிக்கை ஊட்டி ஏமாற்றாது, வாழ்வுக்கு உறுதி கொடுப்பதே நியாயம். நியூயோர்க் உடன்படிக்கை அந்த உண்மையை மறைக்காமல் ஒப்புக்கொண்டது. அதற்கும் ஒரு குறை உண்டு. உள்ளே இருந்தவரைக் காத்த அந்தக் கதவு, வெளியே நின்ற இளைஞருக்கு என்றைக்கும் திறக்கவில்லை. சங்கங்கள் தம் உறுப்பினரைக் காப்பன. இன்னும் உறுப்பினராகாத ஒருவனுக்காகப் பேசும் பொறுப்பு நாட்டுக்கே உரியது.

சர்வதேச அச்சுக்கோப்பாளர் சங்கம் 1986ஆம் ஆண்டின் முடிவோடு தனிச் சங்கமாக இருப்பதை விட்டு, தொடர்பாடல் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தது. நூற்று முப்பத்து நான்கு ஆண்டுகள் அது வாழ்ந்தது. நியூயோர்க்கில் 1974இல் வாக்குப் பெற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக முதுமை எய்தி, ஓய்வூதியத்தோடு கூடத்தை விட்டு வெளியேறினர். பொறியின் பெயரால் அவர்களுள் ஒருவனும் தெருவுக்குத் துரத்தப்படவில்லை. ஆயின் அவர்களின் அருகே நின்று தொழில் பழக ஒரு பழகுநனும் வரவில்லை.